அக்காவின் குரலில் ஒரு கதை

மண்ணிவாக்கம் தாண்டியபோது வெயில் இறங்கிவிட்டது. பையைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தேன். தாம்பரம் போகும் பேருந்துகள் பின்னாலிருந்து வந்து, மெதுவாகி, நான் கை காட்டாததால் மறுபடி வேகமெடுத்துப் போயின. ஏறியிருக்கலாம். ஏறிவிட்டால் போய்விட்டேன் என்று ஆகிவிடும். நடக்கிறவரை, இன்னும் திரும்பலாம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதுவரை நான் விட்ட வேலைகளை எல்லாம் இப்படி நடந்துதான் விட்டிருக்கிறேன். ஒன்றுக்கும் திரும்பியதில்லை.

பின்னால் படப்பையில், ஒரு பிரியாணிக் கடை வாசலில், வயதான ஒரு அம்மா பூண்டு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் கதையின் கடைசிப் பகுதியைப் போட்டுக் காட்டுகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அந்தக் கதையில், போன் செய்யாத மகன் கடைசியில் போன் செய்கிறான் என்றும் சொல்லியிருந்தேன். அப்படி ஒரு கடைசிப் பகுதி கிடையாது. சட்டைப்பையில் என் போன் இருந்தது. அதற்குள் என் குரல் இருந்தது. நடக்க நடக்க அது நெஞ்சில் இடித்தது.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சிமென்ட் கிடங்கு, அபார்ட்மென்ட் வாட்ச்மேன், பந்தல் வேலை என்று ஊர் ஊராகப் போயிருக்கிறேன். கூடுவாஞ்சேரியில் கொஞ்ச நாள் வீட்டுமனை நோட்டீஸ் கொடுத்தேன். சிக்னலில் நிற்கும் கார்களின் கண்ணாடியில் செருகுவது வேலை. ஒரு பக்கம் பச்சைப் புல்லும் நீச்சல் குளமும் அச்சடித்திருக்கும், மறுபக்கம் வெறுமையாக இருக்கும். நல்ல கெட்டித் தாள். மிஞ்சிய கட்டுகளை யாரும் திரும்பக் கேட்கவில்லை. அந்த வெறும் பக்கத்தில்தான் நான் கதை எழுத ஆரம்பித்தேன்.

எழுதியதை யாரிடமும் காட்ட முடியவில்லை. எனக்கு எந்த ர, எந்த ன என்று தெரியாது. ஒருமுறை ஒருவரிடம் காட்டினேன். அவர் கதையை விட்டுவிட்டு எழுத்துப் பிழைகளை மட்டும் வட்டம் போட்டுத் தந்தார். அதன்பிறகுதான் வாசித்துப் பதிவு செய்தால் என்ன என்று தோன்றியது. வாய்க்குப் பிழை வராது. வந்தாலும் யாரும் வட்டம் போட முடியாது.

படப்பைக் கடையில் சேர்ந்தபோது என்னைத் தூங்கச் சொன்னது அரிசி வைக்கும் அறையில். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மூட்டைகள். முதல் நாளே தெரிந்துவிட்டது, இந்த அறையில் சத்தம் எதிரொலிக்காது என்று. வெளியே ஒரகடம் போகும் கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடும். உள்ளே கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மூட்டைகளுக்கு நடுவே குந்தினால் என் மூச்சு எனக்கே கேட்கும். நோட்டீஸ் தாளைத் திருப்பினால் சலசலக்கும். அதனால் ஒவ்வொரு தாளாக மூட்டைகள்மேல் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு, போனைக் கையில் பிடித்தபடி ஒரு மூட்டையிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்து நகர்ந்து படிப்பேன். படித்து முடிக்கும்போது சட்டையைப் பிழியலாம்.

முதல்முதலாக என் குரலைத் திரும்பக் கேட்டபோது, சளி பிடித்த யாரோ ஒருவன் என் கதையைத் திருடிப் படிப்பதுபோல் இருந்தது. பிறகு பழகியது. பிறகு பிடித்தும் போனது.

கடை ஒரு அக்காவுடையது. அவர் வீட்டுக்காரர் சவுதியில் சம்பாதித்தபோது வாங்கிய கட்டடம். முன்னால் கடை, பின்னால் வீடு. அண்டாவில் அரிசி போடுவது, தம் போடுவது எல்லாம் அக்காதான். கறி கழுவுவதும், இலை போடுவதும், ஆலை ஷிப்டுக்குப் பொட்டலம் கட்டுவதும் என் வேலை. அக்காவின் மாமியார் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து பூண்டும் சின்ன வெங்காயமும் உரிப்பார். முட்டி மடங்காது, அதனால் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். அவரை நான் அம்மா என்று கூப்பிடுவேன். சாப்பிட்டாயா என்று என்னை ஒரு நாளைக்கு இரண்டு தடவை கேட்ட ஒரே ஆள் அவர்.

சவுதியில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அதனால் அந்தப் பக்கம் ஆள் போயிருக்கிற வீடுகளில் வெள்ளிக்கிழமைதான் போன் வரும் நாள். இங்கேயும் அப்படித்தான். மதியக் கூட்டம் ஓய்ந்து பாத்திரம் கழுவி முடித்ததும் அக்கா போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போவார். உள்ளே சிக்னல் கிடைக்காது என்பார். அங்கிருந்து அவர் பேசுவது வாசல்வரை கேட்கும். ஆரம்பத்தில் எப்போதும் "கேக்குதா? கேக்குதா?" என்று கேட்டுவிட்டு, நாக்கைச் 'ச்சு' என்று கொட்டுவார். வாக்கியம் முடிவதற்குள் சிரித்துவிடுவார்.

"மாமி நல்லா இருக்காங்க. முட்டிதான். ச்சு, மருந்தெல்லாம் போடுறேன். நீங்க சாப்டிங்களா?"

வாசலில் அம்மாவின் கை பூண்டை விட்டுவிடும். முகத்தைப் பின்கட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்பார். அக்கா திரும்பி வந்ததும், "இன்னா சொன்னான்?" என்பார். "உங்களத்தான் கேட்டாரு, வேற என்ன" என்பார் அக்கா. அன்றைக்கு முழுக்க அம்மா நன்றாகச் சாப்பிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் அரிசி அறையில் ஒரு கதையைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் பேச்சு ஆரம்பித்தது. பதிவில் விழுமே என்று நிறுத்தினேன். அப்போதுதான் பார்த்தேன், என் பக்கத்தில் பிளக்கில் அக்காவின் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. வீட்டில் அவருக்கு இருந்தது அந்த ஒரு போன்தான். எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, திரை உடைந்த பழைய பட்டன் போன் ஒன்றைக் காதில் வைத்து, "நீங்க சாப்டிங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சும்மா இருந்தார். பிறகு சிரித்தார்.

என்னைப் பார்த்துவிட்டார். போனை இறக்கவில்லை. பேச்சை முடித்து, வைக்கிறேன் என்று சொல்லி, அதற்குப் பிறகுதான் ஜன்னல் பக்கம் வந்தார்.

"பாத்துட்டியா?"

"ஆமாங்கா."

"ரெண்டு வருசமா பேசறதில்ல. ஆளு நல்லாத்தான் இருக்காராம், கூட இருந்தவங்க வந்து சொன்னாங்க. அங்கயே வேற குடும்பமாம்." துடைத்த கையையே மறுபடி முந்தானையில் துடைத்தார். "எனக்குப் பரவால்ல. மாமிக்குத் தெரிஞ்சா அது தாங்காது. யார்கிட்டயும் சொல்லாத."

"சொல்ல மாட்டேங்கா."

நான் யாரிடமும் சொல்லவில்லை. எழுதினேன். எழுதுவது சொல்வதில் சேராது என்று நினைத்தேன். எல்லாவற்றையும் மாற்றினேன். அக்காவைப் பல்லாவரத்தில் பூக்கட்டும் பெண்ணாக்கினேன். மாமியாரைக் கண் தெரியாத மாமனாராக்கினேன். சவுதிக்குப் போனவனை, வடக்கே போன லாரி டிரைவராக்கினேன். கடைசியில் அந்தப் பெண் பேசி முடித்து வைக்கிறாள். மாமனார் தடவித் தடவிப் போய் அந்தப் போனை எடுத்துத் தன் காதில் வைக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. அத்தோடு கதை முடிகிறது. பதிவில் அந்த இடத்தில் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். அந்த மௌனத்தில் எனக்கு ரொம்பப் பெருமை.

இரண்டு தடவை பதிவு செய்தேன். முதல் தடவை என் குரலிலேயே படித்தேன். ரேஷன் கடைப் பலகையைப் படித்ததுபோல் இருந்தது. இரண்டாம் தடவை அந்தப் பெண் பேசும் இடம் வந்ததும் என் வாய் தானாக "கேக்குதா? கேக்குதா?" என்றது, நாக்குக் கொட்டியது, வாக்கியம் முடியுமுன் சிரித்தது.

தானாக என்று எழுதிவிட்டேன். அது பொய். முந்தின இரண்டு நாள் பாத்திரம் கழுவும்போது முணுமுணுத்துப் பழகியிருந்தேன். பதிவைத் திரும்பக் கேட்டபோது அக்கா பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது. பயமாக இருந்திருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முதல் பதிவை அழித்துவிட்டு இதை வைத்துக்கொண்டேன்.

கடைக்கு முட்டை போடும் அண்ணன் ஒருவர் உண்டு. மூன்று சக்கர வண்டியில் அட்டை அட்டையாக அடுக்கிக்கொண்டு வருவார். மேடு பள்ளத்தில் மெதுவாகப் போகவேண்டிய தொழில், அதனால் வழியெல்லாம் எதையாவது கேட்டுக்கொண்டு போவார். என் பழைய பதிவுகள் இரண்டை அவருக்கு அனுப்பியிருந்தேன். "சூப்பரு மச்சான்" என்று பதில் போட்டிருந்தார். இதையும் அவருக்கே அனுப்பினேன். யாராவது ஒருத்தர் கேட்டு, நன்றாயிருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்று இருந்தது. அவர் தினம் எங்கள் கடைக்கு வருகிறவர் என்பது எனக்குத் தெரியாததா?

மறுநாள் காலை அட்டைகளை இறக்கி வைத்ததும் போனை வெளியே எடுத்தார்.

"அக்கா, உன் கடையில ஒரு ஆர்ட்டிஸ்ட்டு கீறான், தெரியுமா? உன்ன மாரியே பேசறான் கேளு."

கைகாட்டித் தடுக்கப் போனேன். "இன்னாடா வெக்கம்" என்று என் கையைத் தட்டிவிட்டார். சத்தத்தை முழுசாக வைத்து, கல்லா மேசைமேல் போனை நிறுத்தினார். அவருக்கு அது ஒரு மிமிக்ரி, அவ்வளவுதான். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை.

"கேக்குதா? கேக்குதா? ச்சு, மாமா நல்லா இருக்காரு..."

அண்டா பக்கத்தில் நின்ற அக்கா கரண்டியை எடுக்கவில்லை, வைக்கவும் இல்லை. வாசலில் அம்மாவின் கை நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை திருப்புவதுபோலவே முகத்தைத் திருப்பிக் கேட்டார். போனில் என் குரல் அக்காவாகச் சிரித்தது. பிறகு என் குரல் நானாக மாறி, அந்தப் போனில் சிம் கார்டே இல்லை, அவள் பேசியது காற்றோடு என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னது.

அந்த நேரத்தில் முட்டை அண்ணனுக்கு வேறு கடையிலிருந்து போன் வந்தது. கதை அறுந்தது. "தோ வந்துகினே கீறேன்" என்று அதில் பேசிக்கொண்டே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

 அம்மா பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். மதியம் வழக்கம்போலக் கூட்டம் வந்தது. எல்லோரும் போனபிறகு அக்கா எனக்குச் சோறு போட்டார். வழக்கமாகப் போடும் இரண்டு துண்டு கறியும் போட்டார். நான் எச்சில் இலையைத் தூக்க எழுந்தபோதுதான் பேசினார்.

"ஊர மாத்துன, தொழில மாத்துன. கெழவிய கெழவனாக்குன. எல்லாம் கேட்டேன். கொரல மட்டும் மாத்தத் தெரியலயா?"

 அந்தக் குரல்தான் கதையிலேயே நன்றாக இருந்தது. அதை எப்படி அவரிடம் சொல்வது?

அன்றைக்கே அவர் என்னைப் போகச் சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். சொல்லவில்லை. முட்டை அண்ணனுக்கு அனுப்பியதை அழித்துவிடச் சொன்னேன். "ஏன் மச்சான், நாலு பேருக்கு அனுப்பிட்டேனே" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. கூட்டம் ஓய்ந்தது. அக்கா அண்டாவைக் கழுவினார். கழுவிய அண்டாவை இன்னொரு தடவை கழுவினார். பின்கட்டுக்குப் போகவில்லை. அம்மா வாசலில் இருந்தபடி ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்தார். ஏன் போகவில்லை என்று கேட்கவும் இல்லை. அந்த நேரத்தில் அந்த வீட்டில் வழக்கமாகக் கேட்கும் சத்தம் இல்லாமல், லாரிச் சத்தம் மட்டும் இருந்தது.

பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்பா, அந்தக் கதையில, கடைசில அந்தப் புள்ள போன் பண்றானா?"

கீழே கிடந்த பூண்டுத் தோலைப் பொறுக்கினேன்.

"முட்டக்காரன் பாதியில அமுத்திட்டான். அதான் கேக்குறேன்."

"பண்றாம்மா" என்றேன்.

"இன்னா சொல்றான்?"

"அது... கேட்டாத்தாம்மா நல்லாருக்கும்."

"அப்ப போட்டுக் காட்டு."

"போன்ல சார்ஜ் இல்லம்மா. சாயங்காலம் காட்டறேன்."

"சரி" என்றார். "நான் எங்க போவப் போறேன்? முட்டிய வச்சிக்கினு இங்கதான் குந்தியிருப்பேன்."

அரிசி அறைக்குப் போனேன். கதவைச் சாத்தி ஃபேனை நிறுத்தினேன். மீதியிருந்த நோட்டீஸ் தாள் ஒன்றில் எழுதப் பார்த்தேன், பிறகு எழுதாமலே பேசப் பார்த்தேன். "அப்பா, நான்தான் பேசறேன்." என் குரல். தடிப்பாக்கினேன். "நான்தான்." சிமென்ட் கிடங்கு மேஸ்திரி குரல். மெதுவாக்கினேன். அது யார் குரலும் இல்லை. அக்காவின் வீட்டுக்காரரை நான் பார்த்ததே இல்லை. அவர் சிரிக்கிறவரா, இருமுகிறவரா, அம்மாவை வா போ என்பாரா, வாங்க என்பாரா, எதுவும் தெரியாது. வேறு யாரை வேண்டுமானாலும் ஏமாற்றலாம். பெற்றவரை எப்படி?

அக்கா அரிசி எடுக்க உள்ளே வந்தார். என் கையில் போனைப் பார்த்ததும் நின்றார்.

"மறுபடியுமா?"

அம்மா கேட்டதையும் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். மகன் பேசுவதுபோல் ஒரு முடிவு பதிவு செய்யப் பார்க்கிறேன் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். மூட்டையில் சாய்ந்துகொண்டார்.

"அவரு கொரலு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. எப்படிப் பேசுவாருன்னு நீங்க சொன்னா..."

அக்கா யோசித்தார். நாக்குக் கொட்டினார். "எனக்கே மறந்துபோச்சுடா" என்றார். "இத்தன நாளு நானே பேசிக்கினு இருந்துட்டேன். அவர எங்க பேச வுட்டேன்?" வழக்கம்போலச் சிரிக்கப் போனார். சிரிப்பு வரவில்லை. படியால் அரிசியை அளந்து எடுத்துக்கொண்டு போனார்.

நான் பையைக் கட்டினேன். வாசல் வழியாகப் போனால் அம்மாவைத் தாண்ட வேண்டும். பின்கட்டு வழியாக, துணி துவைக்கும் கல்லைத் தாண்டிப் போனேன்.

முடிச்சூர் தாண்டித் தாம்பரம் வந்து சேர்ந்தேன். ராத்திரி எங்கே படுத்தேன் என்பது பெரிய விஷயம் இல்லை, அதற்கு எனக்கு இடங்கள் உண்டு. போனில் "நான்தான்", "நான்தான்" என்று மூன்று துண்டுப் பதிவுகள் கிடந்தன. அழிக்கக் கை வரவில்லை. கேட்கவும் முடியவில்லை.

காலையில் மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு லோடு ஆட்டோக்காரர் தனியாக வெங்காய மூட்டை இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் பிடித்தேன். இழுத்து முடித்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வேலைக்கு வரியா? எட போடணும். தெருத்தெருவா போறது."

"வரேண்ணா."

"முன்னாடி எங்க இருந்த?"

"படப்பைல, பிரியாணிக் கடை."

"ஏன் வுட்ட? துட்டுல கை வச்சியா?"

"இல்லண்ணா."

"பொண்ணு மேட்டரா?"

"இல்லண்ணா. ஒரு கதை எழுதினேன். அதனால."

அவர் சிரித்துவிட்டார். "கத வுடறதுக்கெல்லாமா வேலய வுட்டுத் தூக்கறாங்க? நமக்குக் கதையெல்லாம் வேணாம் நைனா. நீ வாயே தொறக்க வேணாம். கூவறதுக்கு ஆளு கீது."

பொத்தானைத் தட்டினார். ஆட்டோவின் தலைமேல் இருந்த ஸ்பீக்கரில் ஒரு இளைஞனின் குரல் கிளம்பியது. "வாங்கம்மா வாங்க, வெங்காயம், தக்காளி, வாங்கக்கா வாங்க." உற்சாகமான குரல். நடுவில் ஒரு இடத்தில் தும்மலை அடக்குவதுகூடக் கேட்டது.

"யாருண்ணா இது?"

"உனக்கு முன்னாடி இருந்தவன். சொல்லாம கொள்ளாம ஓடிட்டான். கொரல மட்டும் வுட்டுட்டுப் போய்ட்டான். நல்லாத்தான் கூவறான், டீ கூட கேக்கறதில்ல."

"அவங்க வீட்ல?"

"அவங்க ஆத்தா ஊரப்பாக்கத்துல கீது. அந்தத் தெருவுல வண்டி போனா வெளிய வந்து நிக்கும். ஒண்ணும் வாங்காது." வண்டியில் ஏறி உட்கார்ந்தார். "நான் கொஞ்ச நேரம் சேத்து நிறுத்துவேன். நமக்கு இன்னா போவுது?"

நான் பின்னால் தராசுப் பக்கம் ஏறினேன். ஏறியபிறகுதான் கேட்டேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் என்னை விட முடியுமா என்று.

"நீ பாயா? தொழுகைக்கா?"

"இல்லண்ணா. படப்பைல ஒரு அம்மாகிட்ட, கதையில போன் வரலன்னு சொல்லணும்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "சொல்லிட்டு வருவியா? இல்ல, நீயும் அப்படியே பூடுவியா?"

வருவேன் என்றேன். அவர் வண்டியைக் கிளப்பினார். முதல் தெருவில் ஸ்பீக்கர் கூவ ஆரம்பித்ததும் ஒரு பெண் முறத்தோடு வெளியே வந்து, ஒரு கிலோ வெங்காயம் கேட்டார். அழுகல் இல்லாததாகப் பொறுக்கித் தட்டில் வைத்தேன்.